திங்கட்கிழமை தோற்றவள் புதன்கிழமை எப்படி ஆடினாள்?

தருமபுரியிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கும் கேள்வி இது. மகளுக்கு 13 வயது. வாரத்தில் நான்கு நாள் ஓசூருக்கு அழைத்துப் போய் டென்னிஸ் பழக்குகிறார். பெங்களூரில் நடந்த பெண்களுக்கான சர்வதேச ஒற்றையர் போட்டி ஒன்றைப் பார்க்க மகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு முறை போய் வந்திருக்கிறார். திங்கட்கிழமை இவர்கள் கண்முன்னால் தோற்று, கைகுலுக்கி, பையைத் தூக்கிக்கொண்டு போன ஒரு பெண், புதன்கிழமை அதே போட்டியின் மெயின் டிராவில், அதாவது பட்டத்துக்கான முதன்மைச் சுற்றில், ஆடிக்கொண்டிருந்தாள். இன்னொரு பதினாறு வயதுப் பெண் ரேங்கிங்கே இல்லாமல் நேராக உள்ளே வந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் "எல்லாம் சிபாரிசு சார்" என்றாராம். அது உண்மையா, நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் இடம் உண்டா, அடுத்த முறை எந்த நாள் போனால் உபயோகம் என்று கேட்டிருக்கிறார். நடுவில் இருப்பதுதான் அவருடைய உண்மையான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தோற்ற பெண் எப்படி ஆடினாள் என்பது புரியாமல் அதற்கு விடை சொன்னால் வெறும் ஆறுதலாகிவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலுமாக இருபது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்னால் சில வருடம் போட்டிகளில் லைன் அம்பயராக வெயிலில் நின்றிருக்கிறேன். நீங்கள் பார்த்த அந்தப் போட்டியில் நான் இல்லை. விதி என்ன சொல்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். அந்த வாரம் அந்த அலுவலக அறையில் யார் என்ன பேசினார்கள் என்பதைச் சொல்ல முடியாது.

உறுதியான விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். திங்கட்கிழமை தோற்று புதன்கிழமை ஆடிய பெண்ணுக்கு லக்கி லூசர் என்று பெயர். இதில் சிபாரிசுக்கு இடமே இல்லை. மெயின் டிரா தொடங்குவதற்கு முன் தகுதிச் சுற்று நடக்கும். அதன் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தவர்கள் மெயின் டிராவுக்குள் போவார்கள். டிரா போட்ட பிறகு, தன் முதல் ஆட்டத்துக்கு முன்னால் யாராவது காயம், காய்ச்சல் என்று விலகினால் அந்த இடத்தைக் காலியாக விட முடியாது. எதிரில் ஆட வேண்டியவள் தயாராக நிற்கிறாள், டிக்கெட் வாங்கியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களை ரேங்கிங் வரிசைப்படி எழுதி, மேலே இருக்கும் இரண்டு மூன்று பேருக்குள் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். நேராக முதல் ஆளையே எடுக்காமல் ஏன் குலுக்க வேண்டும்? யாரோ விலகப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால், ரேங்கிங்கில் மேலே இருப்பவள் கடைசி ஆட்டத்தைச் சும்மா விட்டுக்கொடுத்துவிட்டு லக்கி லூசராக உள்ளே வந்துவிடலாம் அல்லவா? அந்த ஆசையைக் கெடுக்கத்தான் சீட்டு.

பெயரில் லக்கி என்று இருந்தாலும் இதில் அதிர்ஷ்டம் பாதிதான். தோற்ற பெண் தினமும் காலையில், அன்றைய முதல் ஆட்டத்துக்கு அரை மணி முன்னால், அலுவலகத்துக்குப் போய்த் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் ஷூ கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் விலக மாட்டார்கள், சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். இதில் நானே ஒரு பிள்ளைக்குத் துரோகம் செய்திருக்கிறேன். கிருஷ்ணகிரிக்காரப் பெண், என்னிடம் படித்தவள், பெங்களூரில் கடைசி தகுதி ஆட்டத்தில் தோற்றாள். முகம் வாடிக் கிடந்தாள். "வா, வீட்டுக்குப் போகலாம், இங்கே உட்கார்ந்து என்ன பண்ணப் போறே" என்று நான்தான் மறுநாள் காலையில் பஸ் ஏற்றினேன். சூளகிரி தாண்டும்போது அவளுடைய தோழி ஃபோன் செய்து, இரண்டு பேர் விலகிவிட்டார்கள், உன் பெயரைக் கூப்பிட்டார்கள் என்றாள். கையெழுத்து இல்லாததால் அடுத்த பெண் உள்ளே போனாள். அன்றிலிருந்து, தோற்றாலும் புதன்கிழமை மாலை வரை ஊர் திரும்பக் கூடாது என்பது என் வகுப்பில் சட்டம்.

இந்த வழியாக உள்ளே வந்து கோப்பையையே தூக்கியவர்கள் உண்டு. 2019ல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் நடந்த போட்டியில் கோகோ காஃப் கடைசி தகுதி ஆட்டத்தில் தோற்றார். மரியா சக்காரி விலகியதால் லக்கி லூசராக நுழைந்தார், இறுதி ஆட்டத்தில் யெலேனா ஓஸ்டபெங்கோவை 6-3, 1-6, 6-2 என்று வென்றார். அது பெண்கள் டென்னிஸின் மேல்தரப் போட்டிகளை நடத்தும் டபிள்யூடிஏ அமைப்பில் அவருடைய முதல் ஒற்றையர் பட்டம். அப்போது வயது 15. உங்கள் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள், ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியவளின் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அடுத்தது ரேங்கிங் இல்லாமல் வந்த பெண். அது வைல்ட் கார்டாக, அதாவது ரேங்கிங் பார்க்காமல் கொடுக்கும் இடமாக, இருந்திருக்கும். இதில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னதை நான் முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். நீங்கள் பார்த்த தரத்துப் போட்டிகளில் மெயின் டிராவில் 32 பேர் என்றால், 8 இடம் தகுதிச் சுற்றிலிருந்து வருபவர்களுக்கு, 4 இடம் வைல்ட் கார்டு, மிச்சம் ஏறக்குறைய எல்லாம் ரேங்கிங் பார்த்து. அந்த நான்கு இடத்தை யாருக்குக் கொடுப்பது என்பது போட்டி நடத்துபவர்களின் விருப்பம். பெரும்பாலும் உள்நாட்டுச் சங்கம் வளர்க்க நினைக்கும் இளம் பெண்கள், காயத்திலிருந்து திரும்பும் பெரிய பெயர்கள், டிக்கெட் விற்கக்கூடியவர்கள் ஆகியோருக்குப் போகும். இது சலுகைதான். நீங்கள் பார்த்த பெண்ணுக்கு அது நியாயமாகக் கிடைத்ததா என்பதற்கு நான் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் வைல்ட் கார்டு கொடுத்தவர்களை வெட்கப்படாமல் காப்பாற்றிய ஆட்டங்களும் உண்டு. 2009 அமெரிக்க ஓப்பனில் கிம் கிளைஸ்டர்ஸ் வைல்ட் கார்டில் வந்துதான் பட்டம் வென்றார். சென்னையில் 2022ல் நுங்கம்பாக்கம் அரங்கில் நடந்த டபிள்யூடிஏ 250 போட்டியில் கர்மான் கவுர் தாண்டி வைல்ட் கார்டில் நுழைந்து, எட்டாம் சீடாக (ரேங்கிங்படி அந்தப் போட்டியின் எட்டாவது ஆட்டக்காரியாக) இருந்த பிரான்ஸின் க்ளோயி பாக்கேயை முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். கோர்ட்டுக்குள் போன பிறகு சிபாரிசு பந்தை வலைக்கு மேல் தூக்கிவிடாது.

இப்போது உங்கள் மகளுக்கு வருவோம். முதலில் போட்டியின் பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். டபிள்யூடிஏ 1000, 500, 250, 125 என்றால் பட்டம் வெல்பவளுக்கு அத்தனை ரேங்கிங் பாயிண்ட். அதற்குக் கீழே ஐடிஎஃப் என்ற சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு நடத்துபவை டபிள்யூ 100, 75, 50, 35, 15. முன்பு இந்த எண் பரிசுப் பணத்தை ஆயிரம் டாலர் கணக்கில் சொன்னது. 2024லிருந்து அதுவும் வெல்பவளுக்குக் கிடைக்கும் பாயிண்ட்டைத்தான் சொல்கிறது. பழைய பெற்றோர்கள் இன்னும் பணம் என்றே நினைத்துக்கொண்டு குழம்புகிறார்கள். ஆக 250 தரத்துச் சென்னை ஓப்பனை வெல்பவள் வாங்கும் பாயிண்ட்டை எடுக்க, டபிள்யூ 15 போட்டிகளில் பதினாறு பதினேழு பட்டம் வேண்டும். அவ்வளவு பெரிய இடைவெளி. மகள் சென்னை ஓப்பனைக் கனவு காணட்டும். நீங்கள் கணக்குப் போட வேண்டியது டபிள்யூ 15 போட்டியின் தகுதிச் சுற்றுக்கு.

அதற்கும் இன்னும் வயது ஆகவில்லை. 14 வயது நிறையாத பெண் தொழில்முறைப் போட்டியில் ஆட முடியாது. 18 ஆகும் வரை வருடத்துக்கு எத்தனை போட்டி என்று வரம்பும் உண்டு. 1990ல் ஜெனிஃபர் கேப்ரியாட்டி 13 வயதிலேயே தொழில்முறையில் இறங்கி, நான்கைந்து வருடத்தில் களைத்து ஒதுங்கியதைப் பார்த்த பிறகு, 1995ல் இந்த விதியை இறுக்கினார்கள். பல அப்பாக்கள் இதை இடைஞ்சலாக நினைக்கிறார்கள். எனக்கு இது பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து காப்பாற்றும் விதி. கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கும் ஒரு மகள் உண்டு.

இப்போதைக்கு அவள் செய்ய வேண்டியது அகில இந்திய டென்னிஸ் சங்கத்தில் பதிவு செய்துகொண்டு 14 வயதுக்கு உட்பட்டோர், 16 வயதுக்கு உட்பட்டோர் பிரிவுகளில் ஆடுவது. டேலண்ட் சீரிஸ், சாம்பியன்ஷிப் சீரிஸ் என்று படிப்படியாக இருக்கும். 13 வயது ஆகிவிட்டதால் ஐடிஎஃப் ஜூனியர் போட்டிகளில் ஆகக் கீழ்த் தரமான ஜே 30க்கும் பெயர் கொடுக்கலாம். ஐடிஎஃப் போட்டி எதுவானாலும் ஐபின் என்ற அடையாள எண் வேண்டும், அதற்கு வருடச் சந்தா உண்டு. பெரியவர்கள் போட்டிக்குப் பெயர் கொடுப்பது, போட்டி வாரத்தின் திங்கட்கிழமைக்கு 18 நாள் முன்னால் வரும் வியாழக்கிழமையோடு முடிந்துவிடும். பலரும் ஒரே வாரத்துக்கு இரண்டு மூன்று நாட்டுப் போட்டிகளில் பெயர் கொடுத்து வைத்திருப்பார்கள். கெடு முடிந்ததும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதிலிருந்து கழன்றுகொள்வார்கள். அப்போது பட்டியல் சரசரவென்று மேலே நகரும். காத்திருப்போர் பட்டியலில் நாற்பதாவது ஆல்டர்நேட் என்று பார்த்து மனமுடைந்தவள் பத்து நாளில் தகுதிச் சுற்றுக்குள் வந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உலக ரேங்கிங் இல்லாதவர்களுக்கு உள்நாட்டுத் தரவரிசையும் கைகொடுக்கும். அதனால்தான் இந்தச் சின்னப் போட்டிகளை அலட்சியப்படுத்தக் கூடாது என்கிறேன்.

உள்ளே போன பிறகு கணக்கு இப்படி. டபிள்யூ 15 மெயின் டிராவில் ஒரு ஆட்டம் ஜெயித்தால் 1 பாயிண்ட். உலகப் பட்டியலில் பெயர் வர, மூன்று போட்டிகளில் பாயிண்ட் எடுத்திருக்க வேண்டும், அல்லது மொத்தம் 10 பாயிண்ட் சேர்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு பாயிண்ட்டும் 52 வாரம்தான் உயிரோடு இருக்கும், அப்புறம் உதிர்ந்துவிடும். பணமோ, முதல் சுற்றில் தோற்றால் சுமார் 150 டாலர். தருமபுரியிலிருந்து வேறு மாநிலத்துக்கு ஒருவர் போய்வரும் டிக்கெட்டுக்கும் நான்கு நாள் அறை வாடகைக்கும் அது எந்த மூலைக்கு? கூடவே ஒரு பெரியவர் வேறு போக வேண்டும். இந்தக் கட்டத்தில் டென்னிஸ் சம்பாதிக்காது, செலவழிக்கும். இதைப் பூசி மெழுகிச் சொல்லும் கோச்சை நம்பாதீர்கள்.

நம்ம ஊர்ப் பக்கத்துக்கு என்று ஒரு விஷயம் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. ஓசூரும் பெங்களூரும் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. காற்று கொஞ்சம் லேசு, பந்து தயங்காமல் பறக்கும். 1,219 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களுக்கு என்று மலைப்பகுதிப் பந்து தனியாக உண்டு. பெங்களூர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதால் சாதாரணப் பந்துதான், ஆகவே அது துள்ளிக்கொண்டே இருக்கும். வெளியூரிலிருந்து வருபவர்கள் முதல் இரண்டு நாள் பந்தை பின்கோட்டுக்கு வெளியே அடித்துவிட்டு ராக்கெட்டை முறைப்பதைப் பார்க்கலாம். ஓசூரில் பழகிய பிள்ளைக்கு பெங்களூர் சொந்த வீடு மாதிரி. அதே பிள்ளை சென்னை போனால் கதை தலைகீழ். கடலோரக் காற்று, புழுக்கம், பந்து நாலு கேமிலேயே கனத்து பூனைக்குட்டி மாதிரி ஆகிவிடும். ஓசூரில் புள்ளியை முடித்த அடி சென்னையில் திரும்பி வரும், கூடவே வேர்வையில் பிடி நழுவும். டபிள்யூடிஏ போட்டிகளில் வெப்ப அளவு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் இரண்டாவது செட்டுக்கும் மூன்றாவது செட்டுக்கும் நடுவில் பத்து நிமிடம் இடைவேளை கொடுக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருப்பது தருமபுரி. உயரம் ஓசூரில் பாதிதான் வரும், வெயிலைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். வாரத்தில் ஒரு நாளாவது உங்கள் ஊரிலேயே, பழைய பந்தில், மதியம் மூன்று மணிக்கு ஆட விடுங்கள். ஓசூர் குளிரில் மட்டும் பழகிய பிள்ளைகள் வெளியூரில் மூன்றாவது செட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இது எந்த ஆய்வும் இல்லை, என் இருபது வருடக் கண்.

இடம் உண்டா என்ற கேள்வி. நாம் தலைநகரில் இல்லை என்பது உண்மையான குறைதான். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்தையும் சேர்த்தாலும் மகளுக்கு ஈடுகொடுத்து ஆடும் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நல்ல எதிராளி இல்லாமல் நல்ல ஆட்டக்காரி உருவாக மாட்டாள். ஆனால் கப்பன் பார்க்கில் இருக்கும் கர்நாடக டென்னிஸ் சங்க அரங்கம் உங்களுக்கு நுங்கம்பாக்கத்தைவிடப் பாதி தூரம்கூட இல்லை. 2008ல் அங்கே செரீனா வில்லியம்ஸும் வீனஸும் அரையிறுதியில் மோதி, கடைசி செட் டைபிரேக் வரை போனதை நான் கேலரியில் உட்கார்ந்து பார்த்தேன், இரவு பஸ் பிடித்து ஊர் திரும்பினேன். மதுரைக்காரருக்கோ நெல்லைக்காரருக்கோ அந்த வசதி இல்லை.

தலைநகர் என்ற பேச்சு வந்ததால் கோயம்புத்தூரைச் சொல்கிறேன். 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் மெயின் டிராவில் ஒற்றையர் ஆட்டம் ஒன்றை வென்ற நிருபமா வைத்தியநாதன் அந்த ஊர்க்காரர். 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த டபிள்யூடிஏ 125 போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து கிளம்பி அரையிறுதி வரை போன மாயா ராஜேஸ்வரனும் அந்த ஊர்தான், அப்போது வயது 15. அதே வருடக் கடைசியில் சென்னை ஓப்பனை வென்ற இந்தோனேசியாவின் ஜேனிஸ் ஜென்னின் பாதை வேறு. அமெரிக்காவில் கல்லூரியில் படித்துக்கொண்டே கல்லூரி டென்னிஸ் ஆடியவர். அந்த வருடத் தொடக்கத்தில் ரேங்கிங் 400க்கும் வெளியே. ஐடிஎஃப் சின்னப் போட்டிகளில் ஜெயித்து ஜெயித்து மேலே வந்து, 23 வயதில் முதல் டபிள்யூடிஏ பட்டத்தைச் சென்னையில் வாங்கினார். எனக்கு உங்கள் மகள் விஷயத்தில் பிடித்த உதாரணம் இவர்தான். படிப்பை விடச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் இவரை நினைத்துக்கொள்ளுங்கள். மாயா மாதிரி 15 வயதில் வருபவர்கள் மிகச் சிலர். உங்கள் மகள் அந்தச் சிலரில் ஒருத்தியா என்பதை அவள் ஆட்டத்தைப் பார்க்காமல் நான் சொன்னால் அது ஜோசியம். பார்த்தாலும் 13 வயதில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சின்னப் போட்டிகளின் மேலும் உலகமெங்கும் பந்தயம் கட்டுகிறார்கள். கேலரியில் தனியாக உட்கார்ந்து ஃபோனைத் தட்டிக்கொண்டிருக்கும் ஆள் அன்பாகப் பேச்சுக் கொடுத்து, "பாப்பாவுக்குத் தோள் வலி சரியாயிடுச்சா" என்று கேட்கலாம். ஆட்டக்காரியின் காயத்தைப் பற்றிய உள்விவரத்தைப் பந்தயக்காரர்களுக்குக் கொடுப்பது குற்றம், அந்த விதி கூட வரும் அப்பா அம்மாவையும் கட்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடாதீர்கள்.

அடுத்த முறை எந்த நாள்? இறுதி ஆட்டத்தை டிவியில் பார்த்துக்கொள்ளலாம். பெங்களூரில் ஐடிஎஃப் போட்டி நடக்கும் வாரத்தில் தகுதிச் சுற்றின் கடைசி நாளுக்குப் போங்கள், பெரும்பாலும் அது திங்கட்கிழமை. இந்தத் தரத்துப் போட்டிகளுக்கு அனுமதி பெரும்பாலும் இலவசம். சென்டர் கோர்ட் பக்கம் போக வேண்டாம். பின்னால் இருக்கும் கோர்ட்டில் வேலியை ஒட்டி நில்லுங்கள், பந்து எழும்பும் உயரம் அங்கிருந்துதான் தெரியும். பந்து மாற்றும் நேரத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். பெரிய போட்டிகளில் முதல் 7 கேமுக்குப் பிறகும் அப்புறம் 9 கேமுக்கு ஒருமுறையும் மாற்றுவார்கள், சின்னப் போட்டிகளில் அதைவிட நீட்டி ஆட வைப்பார்கள். புதுப் பந்தில் சர்வ் போடுபவள் எப்படித் தெம்பாகிறாள் என்பதை மகள் பார்க்கட்டும். ஓர் ஆட்டம் முடிந்ததும் தோற்றவளின் பின்னாலேயே கண்ணை ஓட்டுங்கள். அலுவலகப் பக்கம் திரும்பி, நாளைக்கு எத்தனை மணிக்குக் கையெழுத்து என்று கேட்கிறாளா, வாசலைப் பார்த்து நடக்கிறாளா என்று. திரும்பும் வழியில், ஓசூருக்கு முன்னால் வரும் அத்திப்பள்ளியில் ஐந்து மணிக்கு மேல் வண்டி நகராது, நாலுக்குள் கிளம்பிவிடுங்கள்.